ஐம்பது பீடிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 42 வயது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். 20 வருஷத்துக்கும் மேலாக வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். ஒரு நாளைக்கு 700, 800 வரும். இரண்டு வருஷமாகவே இடுப்பில் வலி உண்டு. போன மாதம் விடியற்காலையில் வாசல் கூட்டக் குனிந்தேன், பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. ஸ்கேன் எடுத்ததில் எல்4, எல்5 நடுவில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றார்கள். பெல்ட் கொடுத்தார்கள். இப்போது வலி பாதி குறைந்திருக்கிறது. ஆனால் கீழே உட்காராதே, குனியாதே, கட்டாந்தரையில் படு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கீழே உட்காராமல் பீடி சுற்றுவது எப்படி? நான் சுற்றாவிட்டால் வாரக் கடைசியில் வீட்டில் காசு இருக்காது. ஆபரேஷன் செய்ய வேண்டி வருமா? படுத்த படுக்கையாகிவிடுவேனோ என்று ராத்திரியில் தூக்கமே வருவதில்லை. என் மகள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். அவளுக்கும் இது வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம், குடியாத்தம் வட்டம்.

பதில்: அம்மா, தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். படுத்த படுக்கை என்று நீங்கள் பயப்படுவது தண்டுவடம் அறுந்துபோனவர்களைப் பார்த்துத்தான். தண்டுவடம் நம் முதுகில் கடைசி வரைக்கும் போவதில்லை. இடுப்பு எலும்புகள் ஐந்தில் முதல் எலும்பு, இரண்டாவது எலும்பு அளவிலேயே அது முடிந்துவிடுகிறது. எலும்புக்கு எலும்பு நடுவில் மெத்தை மாதிரி இருப்பதுதான் ஜவ்வு. உங்கள் ஜவ்வு பிதுங்கியிருப்பது நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். அங்கே இருப்பவை குதிரை வால் மாதிரி தொங்கும் நரம்புகள். அதில் ஒன்றை ஜவ்வு உரசினால் காலில் சுரீர் என்று இழுக்கும், எரியும், மரத்துப்போகும். பெரும்பாலானவர்களுக்கு அதுவும் வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் அடங்கிவிடும். பிதுங்கிய ஜவ்வை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. உங்களுக்குக் காலில் இழுப்பே இல்லை போலிருக்கிறது, கடிதத்தில் எழுதவில்லை.

வேலூரில் முதுகெலும்பு என்ற பேச்சு வந்தால் எனக்கு டாக்டர் மேரி வர்கீஸ் ஞாபகம் வருவார். 1954ல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் போய், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஆனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மறுவாழ்வு சிகிச்சையை வளர்த்தவரும் அவர்தான். தண்டுவடம் போவது என்றால் அதுதான். உங்களுக்கு வந்திருப்பது வேறு. ஊர்ப் பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துகிறார்கள்.

ஆனால் சில அறிகுறிகளை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர் வருவது தெரியாமல் போவது, அல்லது முட்டிக்கொண்டு இருந்தும் போக முடியாமல் இருப்பது, மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் முழுக்க மரத்துப்போவது, பாதம் தொய்ந்து செருப்பு கழன்று விழுவது. கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள் நம் பெண்கள். இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஆபரேஷன்தான் காப்பாற்றும், அதுவும் சீக்கிரம் செய்தால். இன்னொன்று, சாயந்திரமானால் காய்ச்சல், உடம்பு இளைப்பு, படுத்தாலும் விடாத வலி. நம் ஊரில் முதுகெலும்பிலும் டி.பி. வரும். நுரையீரலில் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு மாத்திரை இருக்கிறது, குணமாகும், ஆனால் தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தைக் கடத்தக் கூடாது. புற்றுநோய் வந்து போனவர்கள், கீழே விழுந்த பிறகு வலி வந்த வயதானவர்கள், இவர்களும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

ஸ்கேன் விஷயம். 2015ல் ஒரு தொகுப்பு ஆய்வு வந்தது. முதுகு வலியே இல்லாத 3,110 பேருடைய ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 40 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 பேருக்கு. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. அதாவது உங்கள் தெருவில் உங்கள் வயதுப் பெண்கள் பத்துப் பேரை வரிசையாக நிற்க வைத்து ஸ்கேன் எடுத்தால் ஐந்து பேருக்கு உங்களுக்கு எழுதின அதே வரியை எழுதிக் கொடுப்பார்கள். நரை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே சொன்ன அறிகுறி இருந்தால் கட்டாயம் வேண்டும். மற்றபடி முதல் ஆறு வாரத்துக்குள் எடுப்பதால் காசும் மனசும்தான் கரையும். உங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படும் என்று கடிதத்தில் உள்ள எதுவும் காட்டவில்லை. வலி பாதி குறைந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி.

பெல்ட்டைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று அதில் சொன்னவற்றில் இடுப்பு பெல்ட்டும் உண்டு, கட்டிலில் கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் உண்டு. நானும் ஆரம்ப வருஷங்களில் எத்தனையோ பேரைக் கட்டி இழுத்தவன்தான், அப்போது அதுதான் பாடம். நீங்கள் பெல்ட்டை இன்றைக்கே தூக்கி எறிய வேண்டியதில்லை. பஸ்ஸில் போகும்போது தைரியத்துக்கு வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கழற்றிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அதை மறந்துவிட வேண்டும்.

கட்டாந்தரையும் அப்படித்தான். ஸ்பெயினில் 313 பேரிடம் சோதித்து 2003ல் எழுதினார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களில் ரொம்பக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. பாயில் படுத்துப் பழக்கம் என்றால் படுங்கள், மேலே ஒரு ஜமக்காளமும் கெட்டிப் போர்வையும் மடித்துப் போட்டுக்கொண்டு. பக்கவாட்டில் படுத்தால் முழங்கால் நடுவில் ஒரு தலையணை. அவ்வளவுதான். இதற்காக மெத்தை வாங்கக் கடன் வாங்காதீர்கள்.

இப்போது முறத்துக்கு வருவோம்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த அம்மா சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, மடியில் முறத்தை வைத்திருந்தார். ஈரத் துணியில் சுற்றின இலை வலது பக்கம். தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை அளந்து போட்டு, விரல் ஒரு உருட்டு உருட்டி, நூலைச் சுற்றி அறுப்பதற்குள் நான் ஒரு மூச்சு விட்டிருந்தால் அதிகம். கண் முறத்தைவிட்டு எழும்பவில்லை. தலை முன்னால் தொங்க, முதுகு வில்லாக வளைந்திருக்க, அந்த ஒரு மணி நேரத்தில் விரல்கள் ஆயிரம் தடவை அசைந்தன, இடுப்பு ஒரு தடவைகூட அசையவில்லை. பேரன் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டபோதுதான் நிமிர்ந்தார். நிமிரும்போது ‘அம்மாடி’ என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம்தான் விஷயம். கீழே உட்காருவது குற்றமில்லை. நம் பாட்டிகள் எல்லாம் கீழேதான் உட்கார்ந்தார்கள். குனிவதும் குற்றமில்லை. இடுப்பு இருப்பதே குனியத்தான். ஒரே வளைவில் மணிக்கணக்காக அப்படியே இருப்பதுதான் தசையைக் களைக்க வைக்கிறது, ஜவ்வை ஒரே பக்கம் அழுத்துகிறது. சரியான ஆசனம் எது என்று கேட்டு என்னிடம் வருகிறார்கள். எந்த ஆசனமும் அரை மணி நேரத்துக்கு மேல் போனால் தப்பான ஆசனம்தான்.

ஆகவே ஐம்பது பீடி. நாளைக்கு 700, 800 என்றால் ஐம்பது சுற்ற உங்களுக்கு அரை மணி நேரம் சுமாராக ஆகும். கடிகாரம் பார்க்க வேண்டாம், எண்ணிக்கை எப்படியும் உங்கள் மனதில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஐம்பது ஆனதும் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்திருங்கள். இரண்டு கையையும் பின்னால் இடுப்பில் ஊன்றி, முழங்காலை மடக்காமல் மெதுவாகப் பின்னால் சாயுங்கள், அஞ்சு தடவை. ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வாசல் வரைக்கும் போய் வாருங்கள். இரண்டு நிமிஷம் போதும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போகும், உண்மைதான். ஒரு ஐம்பது பீடி குறையலாம். பிடித்துக்கொண்டு படுத்த நாட்களில் எத்தனை ஆயிரம் போயிற்று என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உட்காருகிற விதத்திலும் சின்ன மாற்றம். வெறும் தரையில் உட்காராமல் நாலு விரல் உயரத்துக்கு ஒரு மணைப்பலகையோ மடித்த கம்பளியோ போட்டு அதன்மேல் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். முறத்தை மடியில் வைக்காமல் அடியில் ஒரு தலையணை கொடுத்துத் தூக்குங்கள், முறம் மேலே வந்தால் தலை அவ்வளவு தொங்காது. முதுகு சுவரோடு ஒட்டட்டும், நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐம்பதுக்கு மறுகாலை நீட்டுங்கள். அதற்கடுத்த ஐம்பதைத் திண்ணை விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து சுற்றலாம். உங்கள் ஊர்க் குழித்தறி நெசவாளர்களைப் பாருங்கள், காலைக் குழிக்குள் தொங்கவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அவர்களுக்கும் வலி வருகிறது என்பது வேறு விஷயம், அவர்களும் எழுந்திருப்பதில்லை!

விடியற்காலையில் பிடித்துக்கொண்டது தற்செயல் இல்லை. ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி, ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பி விறைப்பாக இருக்கும். நாம் எல்லோருமே காலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகத்தான் எழுந்திருக்கிறோம். எழுந்து நடமாடின முதல் ஒரு மணி நேரத்திலேயே அதில் பாதி குறைந்துவிடும். விறைப்பாக இருக்கிற அந்த நேரத்தில் காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்தால் சுருக்கென்று பிடிக்கும். நம் பெண்கள் கண் விழித்ததும் செய்கிற முதல் வேலையே அதுதானே: வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம். 1998ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், நாள்பட்ட வலிக்காரர்களிடம் எழுந்த முதல் சில மணி நேரம் மட்டும் குனியாமல் இருக்கச் சொன்னார்கள். அதற்கே வலி குறைந்தது. கோலத்தை விடச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் பல் தேய்த்து, அடுப்பு பற்றவைத்து, காபி குடித்து, பால் வாங்கப் போய்வந்து, பிறகு வாசல். துடைப்பத்தை ஒரு நீளக் குச்சியில் சேர்த்துக் கட்டிவிட்டால் குனியாமலே கூட்டலாம். கோலத்தைக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து போடுங்கள். மார்கழி மாதத்துப் பெரிய கோலத்துக்கு மகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பளு தூக்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நானே மாட்டினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாத வெயிலில், மாடிப்படி முனையில் வைத்துவிட்டுப் போன 20 லிட்டர் தண்ணீர் கேனை, செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டி ஒரு கையால் தூக்கினேன். இடுப்பில் ஏதோ பட்டென்று சொன்னது. அப்புறம் இரண்டு நாள் கட்டிலோடு. ஊருக்கெல்லாம் சொல்கிறவன் படுத்துக் கிடந்ததைப் பார்த்து என் மனைவி பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. மூன்றாம் நாள் எழுந்து நடந்தேன், இரண்டாவது வாரம் வலி தெரியவில்லை.

அந்தக் கேன் 20 கிலோ. ஜெர்மனியில் 1999ல் ஒரு தன்னார்வலரின் இடுப்பு ஜவ்வுக்குள்ளேயே அழுத்தம் அளக்கும் கருவியை வைத்து, அவரை இதே 20 கிலோ அளவு எடையைத் தூக்க வைத்துப் பார்த்தார்கள். சும்மா நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கிற அலகு அது). எடையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தால் 1.1. அதையே உடம்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 1.8. முதுகை வளைத்துக் குனிந்து தூக்கும்போது 2.3. கார் டயருக்குள் இருக்கும் காற்றைப் போலப் பத்து மடங்கு! இதைப் படித்துவிட்டு இன்னும் பயந்துவிடாதீர்கள், அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜவ்வு அதைத் தாங்கும். நான் சொல்ல வருவது, குடமோ அரிசி மூட்டையோ உடம்போடு ஒட்டட்டும் என்பதுதான். இடுப்பில் வைக்கிற குடம் உண்மையில் நல்ல ஏற்பாடு. ஆனால் எப்போதும் இடது இடுப்பிலேயே வைக்காதீர்கள். தண்ணீர் விடுகிற நாளில் அவசரப்பட்டுப் பெரிய குடத்தை நிரப்பாமல், இரண்டு சின்னக் குடமாக இரண்டு கையில் கொண்டுவாருங்கள். ஊறவைத்த இலைக் கட்டும் ஈரத்தில் கனக்கும், அதையும் எட்டி இழுக்காதீர்கள்.

சரி, இதையெல்லாம் செய்தால் வலி திரும்ப வராதா? வரலாம். இடுப்பு வலி சளி மாதிரி, போய்ப் போய் வரும். திரும்ப வருவதைத் தள்ளிப்போடுவது எது என்று பார்த்தால் நடைதான் முதலில் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் பார்த்து 2024ல் எழுதினார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுவாந்தரமாக 208 நாள் ஆயிற்று, நடக்காதவர்களுக்கு 112 நாள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் என்கிற இலக்கை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நீங்கள் பத்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். நம் வேலூர் வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்னால், இல்லையென்றால் சாயந்திரம் ஆறுக்கு மேல். சுற்றின பீடியைக் கொடுக்கப் பையன் வண்டியில் உட்கார்ந்து போகிறீர்களா? போகும்போது வண்டி, வரும்போது நடை என்று வைத்துக்கொள்ளலாம்.

நடைக்கு மேலே இடுப்புத் தசைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். பத்து சொன்னால் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்பது என் அனுபவம். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதம் தரையில் இருக்க, இடுப்பை மட்டும் மெதுவாக மேலே தூக்குங்கள். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே சாய்வில் வரட்டும். அஞ்சு எண்ணுங்கள், மூச்சைப் பிடிக்காமல். இறக்குங்கள். பத்துத் தடவை, காலையும் ராத்திரியும். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் கூடுதலாக வலித்தால் ஐந்தாகக் குறையுங்கள். வலி கால் பக்கம் இறங்கினால் நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ‘இடுப்பு வலிக்கு’ என்று கேட்டால் பேப்பரில் மடித்து நாலு மாத்திரை கொடுப்பார்களே, அது வேண்டாம். வாரக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், கிட்னிக்குக் கேடு. பி.பி., சர்க்கரை இருந்தால் இன்னும் ஆபத்து. வலி மாத்திரை தேவைப்பட்டால் டாக்டர் எழுதிக் கொடுத்ததை, எழுதிக் கொடுத்த நாளுக்கு மட்டும். சுளுக்கு எடுக்கிறவரிடம் போவீர்கள் என்று தெரியும். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சுகமாகத்தான் இருக்கும், தப்பில்லை. முதுகில் ஏறி மிதிக்க மட்டும் விடாதீர்கள். இன்னொரு கேள்வி, கொஞ்சம் சங்கடமானது: நீங்கள் சுற்றுகிற பீடியை வீட்டில் யாராவது குடிக்கிறார்களா? புகைப்பவர்களுக்கு இடுப்பு வலி அதிகம். வீட்டுக்காரருக்கும் இடுப்பு வலி என்றால் இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

மகளைப் பற்றி. அவளுக்கு வயதும் தசையும் சாதகமாக இருக்கின்றன, ஸ்டூல்தான் பாதகம். ஷூ கம்பெனியில் உயரமான பெண்ணுக்கும் குட்டையான பெண்ணுக்கும் பல இடங்களில் ஒரே ஸ்டூல்தான். பாதம் முழுதாகத் தரையில் படவில்லையென்றால் காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஊசியைப் பார்க்க முகத்தைக் கொண்டுபோகாமல் ஸ்டூலை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம், பாத்ரூம் போக வேண்டி வருமே என்று வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பழக்கம் அந்தப் பெண்களிடம் நிறைய. குடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டி வரும், எழுந்து போவதுதான் நமக்கும் வேண்டும். கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்தவள் வீட்டில் இறங்கியதும் போனோடு மறுபடி உட்காராமல், உங்களோடு அந்தச் சாயந்திர நடைக்கு வரட்டும்.

ஆறு வாரம் பாருங்கள். அதற்குள் வலி பெரிதாகக் குறையாவிட்டால் உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், அல்லது வேலூருக்கு என்னிடம் வாருங்கள். வரும்போது ஸ்கேன் கவரோடு உங்கள் முறத்தையும் கத்தரியையும் எடுத்து வாருங்கள். ஒரு பிடி இலையும் கொஞ்சம் தூளும் இருந்தால் இன்னும் நல்லது. தரையில் பாய் போட்டுத் தருகிறேன், பத்து பீடி சுற்றிக் காட்டுங்கள்.